வெள்ளை வயரில் இருக்கிறது விஷயம்

டொரொன்டோவின் கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோவில், மே மாதம் பிறந்துவிட்டால் பல வீட்டு வாசல்களில் சிறு டிரெய்லர்கள் தலைகாட்டத் தொடங்கும். பனிக்காலம் முழுக்க வேலியோரம் கிடந்ததை இழுத்து வந்து காற்றடிப்பார்கள். தோட்டத்துக்கு மண் ஏற்ற வேண்டும், பழைய சோபாவைக் கொண்டுபோய்ப் போட வேண்டும், தங்கச்சியின் வீட்டுச் சாமான்களை அடுத்த ஊருக்கு மாற்ற வேண்டும். காருக்கு ஹிட்ச் பூட்டியாகிவிட்டது, உருண்டையும் மாட்டியாகிவிட்டது. மிச்சம் இருப்பது டிரெய்லரின் முனையில் தொங்கும் நான்கு வயர்கள்தான்.

“அண்ணை, கலருக்குக் கலர் பிடிச்சு முறுக்கி, டேப் சுத்திவிட்டாச் சரிதானே?”

“அவசரப்படாதை தம்பி. முதல் பிரேக்கை மிதிச்சுக்கொண்டு இடப் பக்கச் சிக்னலைப் போடு. நான் பின்னால நிண்டு பாக்கிறன்.”

அந்த அண்ணை சொன்ன சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை, அரை நிமிடம் போதும். ஆனால் எந்த வயரிங் வாங்குவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும். பெரும்பாலானவர்கள் கடைக்குப் போய், அலமாரியில் தொங்கும் பெட்டிகளைப் பார்த்து, விலை குறைந்ததை எடுத்து வந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது பெட்டியை அல்ல, காரின் பின்பக்கத்தை.

பிரேக்கை மிதித்தபடி இடது சிக்னலைப் போடும்போது, பிரேக்குக்காக எரிந்துகொண்டிருந்த அதே சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால், அந்தக் காரில் பிரேக்கும் சிக்னலும் ஒரே பல்பில் இருக்கின்றன. பிரேக் விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருக்க, அதன் பக்கத்தில் இன்னொரு விளக்கு தனியாக மின்னினால், இரண்டுக்கும் தனித்தனி வயர் போகிறது. முதல் வகையை வயரிங் கடைக்காரர்கள் இரட்டை வயர் முறை என்பார்கள், இரண்டாவதை மூன்று வயர் முறை என்பார்கள். தனியாக மின்னும் விளக்கு பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. சிவப்பு நிறத்திலேயே தனிச் சிக்னல் விளக்கு வைத்த கார்களும் உண்டு. மிதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தச் சிக்கல் ஏன் வருகிறது? வட அமெரிக்காவில் விற்கும் சிறு டிரெய்லர்கள் ஏறக்குறைய எல்லாமே இரட்டை வயர் முறையில் கட்டப்பட்டவை. பக்கத்துக்கு ஒரு சிவப்பு விளக்கு. அதற்குள் இரண்டு இழை கொண்ட ஒரு பல்ப். மெல்லிய இழை இரவில் எரியும் டெயில் லைட். தடித்த இழை பிரேக்குக்கும் சிக்னலுக்கும் பொது. அமெரிக்காவின் வாகன விளக்குச் சட்டமான 108-ஆம் எண் பாதுகாப்புத் தரம் 1968-இல் நடைமுறைக்கு வந்த காலம் தொட்டு இன்று வரை பின்பக்கச் சிக்னல் சிவப்பாக இருப்பதை அனுமதிக்கிறது. கனடாவின் விதியும் அதையொட்டியே போகிறது. உள்ளூர் பிக்கப் லாரிகள் பலவும் இதே முறையில் இருந்ததால் டிரெய்லரும் லாரியும் அப்படியே ஒட்டிப் போயின. ஆனால் குடும்பங்கள் ஓட்டும் கார்களில், முக்கியமாக ஜப்பானிய, ஐரோப்பிய கார்களில், சிக்னலுக்குத் தனி விளக்கு இருப்பது வழக்கம். ஆக, கார் மூன்று வயரில் பேசுகிறது. டிரெய்லருக்கு இரண்டுதான் புரியும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மஞ்சள் சிக்னல்தான் நல்லது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, திரும்பும்போதும் தடம் மாறும்போதும் பின்னாலிருந்து இடிபடும் விபத்துகள் மஞ்சள் சிக்னல் உள்ள வண்டிகளில் சுமார் 5 சதவீதம் குறைவு என்று கண்டது. டிரெய்லரைக் கட்டியவுடன் காரின் அந்த மஞ்சள் விளக்குகள் பெரும்பாலும் மறைந்துபோகின்றன. பின்னால் வருகிறவருக்குத் தெரிவது டிரெய்லரின் இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும். நிற்கிறோமா, திரும்புகிறோமா என்பதை அந்த இரண்டும்தான் சொல்ல வேண்டும். அவற்றுக்குப் போகும் வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

சரி, அந்த நான்கு வயர்களைக் கையில் எடுத்துப் பார்ப்போம். வெள்ளை எர்த். பழுப்பு டெயில் லைட்டுக்கும் பக்கவாட்டு விளக்குகளுக்கும். மஞ்சள் இடப் பக்கப் பிரேக்கும் சிக்னலும். பச்சை வலப் பக்கப் பிரேக்கும் சிக்னலும். நான்கும் ஒரு தட்டையான ரப்பர் கனெக்டரில் வரிசையாக முடியும். கார் பக்கக் கனெக்டரை உற்றுப் பார்த்தால் மூன்று முனைகள் ரப்பருக்குள் ஒளிந்திருக்கும், ஒன்று மட்டும் பித்தளைக் குச்சியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டியிருப்பது எர்த். மின்சாரம் வரும் மூன்றும் மூடியிருப்பதால், கனெக்டர் தற்செயலாகக் காரின் இரும்பில் உரசினாலும் ஃபியூஸ் போகாது. டிரெய்லர் பக்கத்தில் இது தலைகீழ்: மூன்று குச்சிகள் வெளியே, ஒன்று உள்ளே. அதனால் கனெக்டரை மாற்றிச் செருகவும் முடியாது. 1945 முதல் தொழிலில் இருக்கும் யூ-ஹால் போன்ற வாடகை நிறுவனங்களின் டிரெய்லர்களிலும் இந்தத் தட்டையான நான்கு பின் கனெக்டர்தான். சொந்த டிரெய்லர் இல்லாதவர்கள்கூட இதை ஒருமுறை காரில் சரியாகப் பூட்டிவிட்டால் எந்த வாடகை முற்றத்திலும் கவலையில்லை.

இப்போது தம்பியின் யோசனைக்கு வருவோம். காரில் பிரேக் வயர் ஒன்று, இடது சிக்னல் வயர் ஒன்று. இரண்டையும் சேர்த்து முறுக்கி டிரெய்லரின் மஞ்சளில் கட்டினால் என்ன? வலப் பக்கத்தையும் அப்படியே பச்சையில் கட்டினால் என்ன? பார்வைக்குச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் பிரேக்கை மிதித்தவுடன் அந்த மின்சாரம் முறுக்கிய இடத்திலிருந்து சிக்னல் வயருக்குள் திரும்பி ஓடும். காரின் முன்பக்கச் சிக்னல்கூட எரியும். இடது சிக்னலைப் போட்டால் அது பிரேக் வயர் வழியாக வலப் பக்கத்துக்கும் போய்ச் சேரும். எல்லா விளக்கும் சேர்ந்து மின்னும். எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று யாருக்கும் தெரியாது.

இதைத் தடுக்கத்தான் கன்வெர்ட்டர் என்ற உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி இருக்கிறது. காரிலிருந்து டெயில், பிரேக், இடது, வலது என்று நான்கு செய்திகளை வாங்கி, டிரெய்லருக்கு டெயில், இடது, வலது என்று மூன்றாகக் கொடுக்கும். பிரேக் மட்டும் என்றால் இரண்டு பக்கமும் எரிய விடும். பிரேக்கோடு இடது சிக்னல் வந்தால், இடதை மின்னவிட்டு வலதை நிலையாக எரிய வைக்கும். திரும்பி ஓடும் மின்சாரத்தையும் நிறுத்தும். மூன்று வயர் காருக்கு இது இல்லாமல் நடக்காது.

கன்வெர்ட்டரிலும் இரண்டு வகை. ஒன்று, விளக்குக்கு வேண்டிய மின்சாரத்தையும் காரின் விளக்கு வயரிலிருந்தே எடுத்துக்கொள்வது. மற்றது, விளக்கு வயரிலிருந்து செய்தியை மட்டும் கேட்டுக்கொண்டு, மின்சாரத்தை நேராக பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட தனி வயர் மூலம் எடுப்பது. விலை வித்தியாசம் இருக்கிறது, வேலையும் இரண்டாவதில் கூடுதல். காரின் அடியில் முன்னிருந்து பின்வரை ஒரு வயர் இழுக்க வேண்டும். இருந்தாலும் இன்றைய கார்களுக்கு இரண்டாவதே சரி.

காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். பழைய டிரெய்லர்களில் பரவலாக இருக்கும் 1157 எண் பல்பின் தடித்த இழை சுமார் 2.1 ஆம்பியர் எடுக்கும், மெல்லிய இழை சுமார் 0.6. பக்கவாட்டில் இருக்கும் சிறு 194 பல்ப் ஒவ்வொன்றும் 0.27. இரண்டு டெயில், நான்கு பக்கவாட்டு விளக்கு என்று கூட்டினாலே பழுப்பு வயரில் 2.3 ஆம்பியர் வந்துவிடும். நம்பர் பிளேட் விளக்கு தனி. 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமான டிரெய்லர் என்றால் சட்டப்படி ஓரத்திலும் நடுவிலும் இன்னும் பல விளக்குகள் வேண்டும். அவை எல்லாமே அதே பழுப்பு வயரில்தான். காரின் டெயில் லைட் வயரை வடிவமைத்தவர் அந்தக் காரின் விளக்குகளுக்கு மட்டுமே கணக்குப் போட்டிருப்பார். அதன் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றினால், பழைய காரில் ஃபியூஸ் போகும். புதிய காரில் விளக்குகளை ஆளும் கணினிப் பெட்டியே பாதிக்கப்படலாம். அதை மாற்றும் செலவில் பல கன்வெர்ட்டர் வாங்கலாம். வாங்கும்போது பெட்டியின் மேல் ஒரு பக்கத்துக்கு எத்தனை ஆம்பியர், டெயிலுக்கு எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். முதலில் படிக்க வேண்டிய வரி அதுதான். டிரெய்லரின் பல்புகளை எல்.இ.டி-க்கு மாற்றிவிட்டால் பாரம் வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு பிரேக் விளக்கு அரை ஆம்பியர்கூட எடுக்காது.

ஆனால் எல்.இ.டி-க்கும் ஒரு தொல்லை உண்டு. இன்றைய கார்களில் பிரேக்கை மிதித்தால் பெடலிலிருந்து பல்புக்கு நேராக மின்சாரம் போவதில்லை. பெடல் கணினிக்குச் சொல்கிறது, கணினி பல்பை எரிய வைக்கிறது. சில கார்களில் ஒரே விளக்கை டெயிலுக்கு மங்கலாகவும் பிரேக்குக்குப் பிரகாசமாகவும் எரிய வைக்க, மின்சாரத்தைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வெட்டி வெட்டி அனுப்புவார்கள். பல்ப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது கணினி சிறு துடிப்பும் அனுப்பும். சாதாரணக் கன்வெர்ட்டருக்கு இந்த வெட்டு மொழி புரியாது, டிரெய்லரின் எல்.இ.டி அந்தத் துடிப்புக்கெல்லாம் சிமிட்டும். கார் கணினியோ “பல்ப் போய்விட்டது” என்று டாஷ்போர்டில் எச்சரிக்கை காட்டும். ஆகவே காரின் பெயர், மாடல், ஆண்டு மூன்றையும் சொல்லி, அந்த வண்டிக்கென்றே செய்த வயரிங்கைக் கேட்டு வாங்குவதுதான் நல்லது. கர்ட், டெக்கான்ஷா, ஹாப்கின்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள் மாடல் வாரியாகப் பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

அப்படி வண்டிக்கென்றே வரும் வயரிங்கில் பெரும்பாலும் எதையும் வெட்ட வேண்டியதில்லை. டிக்கியின் ஓரத் துணியை விலக்கி, டெயில் லைட்டுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவில் புதியதைச் செருகினால் போதும். ஆங்கில டி எழுத்து வடிவத்தில் ஒரு கிளை பிரிந்து கன்வெர்ட்டருக்குப் போகும். சில கார்களில் தயாரிப்பாளரே இதற்கென ஒரு கனெக்டரை ஓரத் தகட்டுக்குப் பின்னால் விட்டிருப்பார். அது தெரியாமலே வயரை வெட்டியவர்கள் உண்டு. வெட்டும் முன் கையேட்டை ஒருமுறை புரட்டுங்கள்.

வெட்டாமல் முடியாது என்ற நிலை வந்தால், வயரைக் கடித்துப் பிடிக்கும் அந்த நீல நிறப் பிளாஸ்டிக் கிளிப்பைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். அது வயரின் உறையைக் கிழித்துத் தாமிரத்தைத் தொடுகிறது; கிழிந்த இடம் திறந்தே கிடக்கிறது. ஒன்டாரியோவில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்புத் தண்ணீர் அந்தக் கிழிசலில் ஏறி, தாமிரம் பச்சையாகி, பொடியாகிவிடும். இரண்டு மூன்று பனிக்காலம் கழித்துக் கிளிப்பைத் திறந்தால் உள்ளே வயர் இருக்காது, பச்சை மாவுதான் இருக்கும். ஈயப் பற்று வைத்து, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் குழாயை மேலே போடுவது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. ஆனால் அது கார் இருக்கும்வரை இருக்கும். அதே உப்புக்காகத்தான், டிரெய்லர் கட்டாத நாட்களில் கனெக்டரை வெளியே தொங்கவிடாமல் டிக்கிக்குள் சுருட்டி வைக்கச் சொல்வது.

இனி வெள்ளை வயர். தலைப்பில் சொன்ன விஷயம் இதுதான். டிரெய்லர் விளக்குத் தொல்லைகளில் மிகப் பெரும்பாலானவை எர்த் தொல்லைகளே. பல்பை மாற்றுவார்கள், கன்வெர்ட்டரை மாற்றுவார்கள், கனெக்டரை மாற்றுவார்கள். கடைசியில் குற்றம் செய்தது துருப்பிடித்த ஒரு திருகாணியாக இருக்கும்.

எர்த் விட்டுப்போன டிரெய்லரை அதன் நடத்தையிலேயே கண்டுபிடிக்கலாம். இடது சிக்னலைப் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாக மின்னும். டெயில் லைட் எரியும்போது பிரேக்கை மிதித்தால் பிரகாசமாவதற்குப் பதில் அணைந்துபோகும். காரணம் இது: மஞ்சள் வயரில் வந்த மின்சாரம் தடித்த இழையைக் கடந்து, வீடு திரும்ப வெள்ளை வயரைத் தேடுகிறது. அது இல்லை. எனவே அதே பல்பின் மெல்லிய இழைக்குள் புகுந்து பழுப்பு வயர் வழியாகவோ, டிரெய்லரின் சட்டம் வழியாக மறுபக்கப் பல்புக்குப் போயோ எப்படியாவது வெளியேறப் பார்க்கிறது. போகிற வழியில் எரியக் கூடாத இழைகளை எல்லாம் மங்கலாக எரிய வைக்கிறது. இப்படி விசித்திரமாக எரிகிற டிரெய்லரைக் கண்டால் முதலில் வெள்ளை வயரைத் தொட்டுப் பாருங்கள்.

ஹிட்ச் உருண்டையும் டிரெய்லரும் இரும்போடு இரும்பாகத்தானே உட்கார்ந்திருக்கின்றன, எர்த் அதிலேயே கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கும், கிடைக்காமலும் போகும். உருண்டையில் கிரீஸ் இருக்கிறது, துரு இருக்கிறது, பெயின்ட் இருக்கிறது. குழியில் இறங்கி ஏறும்போது விளக்கு எரியும், சிக்னலில் நிற்கும்போது போய்விடும். நிற்கும்போதுதான் பிரேக் விளக்கு வேண்டும். அதனால் கார் பக்கம் வெள்ளை வயரின் நுனியில் வளையம் வைத்து, பெயின்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில் திருகுங்கள். டிரெய்லர் பக்கமும் அப்படியே. மடிக்கிற டிரெய்லர், மண்ணைக் கொட்டச் சாய்கிற டிரெய்லர் என்றால் இன்னும் ஒரு படி: சட்டத்தின் கீல் வழியாக எர்த் போகும் என்று நம்பாமல், ஒவ்வொரு விளக்குக்கும் தனி வெள்ளை வயர் இழுத்துவிடுங்கள். கீல்தான் முதலில் துருப்பிடிக்கும் இடம்.

ஐந்து பின், ஏழு பின் கனெக்டர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐந்தாவது நீல வயர் ரிவர்ஸ் விளக்குக்கானது. தள்ளுவிசையால் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக் உள்ள படகு டிரெய்லர்களில், பின்னோக்கிப் போகும்போது பிரேக் பிடித்துக்கொள்ளாமல் இருக்க அது உதவும். ஏழு பின் வட்டக் கனெக்டர் மின்சார பிரேக் உள்ள கனத்த டிரெய்லருக்கு. ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். சாதாரணக் குடும்பக் கார் அந்த எடையை இழுக்கத் தகுதியா என்பது முதலில் கேட்க வேண்டிய வேறு கேள்வி. நான்கு பின்னை ஏழு பின்னாக மாற்றும் அடாப்டர் கடையில் கிடைக்கும். ஆனால் அது காரில் இல்லாத பிரேக் வயரை உண்டாக்கித் தராது.

வேறு நாடுகளில் இருப்பவர்கள் இந்த நிறக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் டிரெய்லரிலும் மஞ்சள் சிக்னல் தனியாக இருக்கும், ஏழு அல்லது பதின்மூன்று பின் வட்டக் கனெக்டர். அங்கே மஞ்சள் வயர் இடது சிக்னல் மட்டும், பிரேக் சிவப்பு வயரில். ஆஸ்திரேலியாவிலும் சிக்னலும் பிரேக்கும் தனித்தனி, ஏழு பின் தட்டைக் கனெக்டர் அங்கே பரவலானது. எர்த் மட்டும் மூன்று இடங்களிலும் வெள்ளைதான். அங்கெல்லாம் விளக்குகளை இணைக்கும் இந்தக் கன்வெர்ட்டர் தேவைப்படாது. ஆனால் கார் கணினிக்கு டிரெய்லர் வந்துவிட்டது என்று சொல்லும் பெட்டி தேவைப்படும். பல ஐரோப்பிய கார்கள் அந்தச் செய்தி கிடைத்தவுடன் பின்பக்கப் பார்க்கிங் சென்சாரையும் பனிமூட்ட விளக்கையும் தாமே நிறுத்திக்கொள்கின்றன.

ஸ்கார்பரோ வாசலுக்குத் திரும்புவோம். தம்பியின் காரில் பிரேக் விளக்கு அசையாமல் எரிய, பக்கத்தில் மஞ்சள் தனியாக மின்னியது. மூன்று வயர் கார். பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும், அந்த மாடலுக்கென்றே வந்த கன்வெர்ட்டரை வாங்கி வந்து, ஃபியூஸைக் கடைசியில் போடுவதற்காக எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது.

சிம்கோ ஏரிக்குப் படகு இழுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய பல்ப் விளக்காக இருந்தால், டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கும் முன் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். சூடான பல்ப் குளிர்ந்த தண்ணீரில் பட்டால் வெடிக்கும். மேலே ஏறியதும் மறக்காமல் திரும்பச் செருகுங்கள்.

எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு முறை டிரெய்லரைக் கட்டும்போதும் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, டெயில் லைட், பிரேக், இடது, வலது, பிரேக்கை மிதித்தபடி இடது, மிதித்தபடி வலது என்று ஆறையும் பார்த்துவிட்டே கிளம்புங்கள். நிற்க ஆள் இல்லையென்றால் வீட்டுச் சுவருக்கு அருகில் பின்பக்கத்தைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். அந்தி நேரத்தில் சுவரில் விழும் சிவப்பு வெளிச்சம் கண்ணாடியில் தெரியும்.